வேட்பாளரும் அவருடைய குருவும்: ஊடகம் எங்கே சாய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வந்துவிட்டால் ஒரு வேட்பாளர் சாமியார் காலில் விழும் படம், ஒரு தலைவர் பாதிரியாரோடு பேசும் வீடியோ, ஒரு இமாம் கொடுத்த ஆதரவு அறிக்கை என்று ஏதாவது ஒன்று சென்னையில் எல்லாருடைய போனுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. உடனே சண்டை. இதைப் பற்றி நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

அரசியல்வாதிக்கும் மதகுருவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஊடகம் எழுதவே கூடாது என்கிறீர்களா?

இல்லவே இல்லை. கட்டாயம் எழுத வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் யாருடைய பேச்சைக் கேட்கிறார், யாருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. என் குறை வேறு. ஒருவரிடம் இருபது நாள் விடாமல் கேட்ட கேள்வியை இன்னொருவரிடம் ஒரு நாள் கூடக் கேட்பதில்லை. ஒருவருடைய குரு பேசியதைப் பத்து விநாடிக்கு வெட்டி நாளெல்லாம் ஓட்டுகிறார்கள், இன்னொருவருடைய குரு பேசியதை 'அவருடைய நம்பிக்கை, நமக்கெதற்கு' என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் சாய்வு.

சரி, இதற்கு எதற்கு 2008 அமெரிக்கத் தேர்தல்? நமக்கு இங்கே ஆள் இல்லையா?

இங்கேயும் இருக்கிறார்கள், வருகிறேன். ஆனால் அங்கே ஒரே தேர்தலில், சில மாத இடைவெளிக்குள், ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா, குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் என்று இரண்டு கட்சி வேட்பாளர்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதோடு, அந்தச் சண்டையில் நம் சாதி, நம் மதம், நம் கட்சி எதுவும் இல்லாததால் ஆத்திரப்படாமல் யோசிக்கவும் முடிகிறது. அங்கே யோசித்துவிட்டு இங்கே வந்தால் நம்முடைய சாய்வும் நமக்கே தெரியும்.

ஜெரமையா ரைட் விவகாரம் என்றால் என்ன?

சிகாகோவில் டிரினிட்டி யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்று ஒரு தேவாலயம். பெரும்பாலும் கறுப்பின மக்கள் வருகிற சபை. 1972 முதல் அதன் போதகர் ஜெரமையா ரைட். பராக் ஒபாமா சுமார் 20 ஆண்டுகள் அந்தச் சபையில் இருந்தார். அவருடைய கல்யாணத்தை நடத்திவைத்தவர் ரைட், இரண்டு மகள்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான். ஒபாமாவின் இரண்டாவது புத்தகத்தின் தலைப்பே ரைட்டின் ஒரு பிரசங்கத்திலிருந்து வந்தது. ஆக, நெருக்கம் உண்மை, அதில் விவாதமே இல்லை.

2008 மார்ச் 13 அன்று ஏபிசி தொலைக்காட்சி ரைட்டின் பழைய பிரசங்கங்களிலிருந்து சில துண்டுகளை ஒளிபரப்பியது. எந்த ரகசிய கேமராவும் கிடையாது, அந்தப் பிரசங்கப் பதிவுகளைச் சபையே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. ஒரு துண்டில் 'அமெரிக்காவைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று பாடச் சொல்கிறார்கள், இல்லை, கடவுள் சபிக்கட்டும்' என்று கத்துகிறார். இன்னொன்று செப்டம்பர் 11 தாக்குதலைப் பற்றியது, நாம் செய்தது நமக்கே திரும்பி வந்திருக்கிறது என்ற பொருளில். அவ்வளவுதான், எல்லாச் சேனலிலும் இரவு பகலாக அதே ஓடியது.

மார்ச் 18 அன்று ஒபாமா பிலடெல்பியாவில் இன உறவுகள் பற்றி நீண்ட உரை ஆற்றினார். அப்போது ரைட்டின் பேச்சைக் கண்டித்தார், ஆனால் ஆளைக் கைவிடவில்லை. ஏப்ரல் 28 அன்று ரைட் வாஷிங்டன் நேஷனல் பிரஸ் கிளப்பில் பேசி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார், மறுநாளே ஒபாமா உறவை முறித்தார். பிறகு டிரினிட்டி சபை மேடையில் வேறொரு பாதிரியார், கட்சிக்குள் ஒபாமாவுக்குப் போட்டியாக நின்ற ஹிலாரி கிளிண்டனைக் கிண்டல் செய்து பேசிய வீடியோவும் வெளியாக, மே மாதக் கடைசியில் சபையை விட்டே விலகினார்.

அந்த கிளிப்பில் காட்டாமல் விட்டது என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் கிளிப் எப்படி வேலை செய்கிறது என்பது இதில்தான் புரியும்.

செப்டம்பர் 11 பற்றிய பிரசங்கம் தாக்குதல் நடந்து ஐந்தாவது நாள், 2001 செப்டம்பர் 16 ஞாயிற்றுக்கிழமை நடந்தது. எடுத்துக்கொண்ட வேதபகுதி சங்கீதம் 137. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற பாட்டு. அழுகையில் தொடங்கும் அந்தப் பாட்டு கடைசி வசனத்தில் எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதிக் கொல்கிறவன் பாக்கியவான் என்று முடிகிறது. துக்கம் பழிவெறியாக மாறுகிற அந்த இடத்தைத்தான் ரைட் பிடித்துக்கொண்டார். நமக்கும் இப்போது அதே வெறி வருகிறது, கவனமாக இருங்கள் என்று சபைக்குச் சொல்கிறார். சர்ச்சையான அந்த வரிக்கு முன்னால், இதை முன்னாள் அமெரிக்கத் தூதர் ஒருவர் ஃபாக்ஸ் நியூஸில் சொன்னதைக் கேட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடர்கிறார். கடைசியில், இது நம்மை நாமே சோதித்துப் பார்க்கிற நேரம் என்கிறார். இதில் எதுவும் டிவியில் வரவில்லை. கைகளை ஆட்டி உச்சக் குரலில் கத்துகிற சில விநாடிகள் மட்டும் வந்தன.

'சபிக்கட்டும்' பிரசங்கம் 2003 ஏப்ரலில், ஈராக் போர் தொடங்கிய சில வாரங்களில் நடந்தது. அரசாங்கங்கள் பொய் சொல்லும், மாறும், தோற்கும், கடவுள் அப்படி இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அடிமை முறை, பூர்வகுடிகளை விரட்டியது, ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய் அந்த வாக்கியத்துக்கு வருகிறார். பைபிளில் எரேமியா, ஆமோஸ் போன்ற தீர்க்கதரிசிகள் சொந்த நாட்டையே சபித்துப் பேசுகிற பாணி அது, கறுப்பினத் தேவாலயங்களில் பல தலைமுறைகளாகக் கேட்டுப் பழகியது. அந்தச் சபைகளுக்குள் ஒருநாளும் போயிராத நிருபர்களுக்கு அது பயங்கரமாகத் தெரிந்தது. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலையில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

அப்புறம், இந்த ரைட் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தவர், பிறகு கடற்படை மருத்துவப் பிரிவில் இருந்து 1966இல் அதிபர் லிண்டன் ஜான்சனின் அறுவை சிகிச்சையின்போது உடனிருந்து கவனித்தவர். 'நாட்டை வெறுக்கிறவர்' என்ற ஒற்றைச் சித்திரத்துக்குள் இது அடங்கவில்லை, அதனால் பெரும்பாலான செய்திகளில் இதற்கு இடமும் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ரைட் பேசியதெல்லாம் சரியா?

இல்லை. எய்ட்ஸ் கிருமியை அரசாங்கமே கறுப்பின மக்களை அழிக்க உருவாக்கியது என்று அவர் பேசியது அப்பட்டமான பொய். 1932 முதல் 1972 வரை டஸ்கிகியில் கறுப்பின ஆண்களுக்கு சிபிலிஸ் நோய் இருப்பது தெரிந்தும் அரசு மருத்துவர்கள் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது உண்மை. அந்தக் காயத்திலிருந்து சந்தேகம் பிறந்தது எனக்குப் புரிகிறது, ஆனாலும் பொய் பொய்தான். இருபது வருடம் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்த நீங்கள் இதையெல்லாம் கேட்டீர்களா என்று ஒபாமாவிடம் கேட்டது நியாயமான கேள்வி. நான் கேட்பது, அதே கறார் மற்றவர்களிடம் எங்கே போனது என்றுதான்.

மெக்கெய்ன் பக்கம் என்ன நடந்தது?

இரண்டு தேதிகளை மனதில் வையுங்கள். 2008 பிப்ரவரி 26 அன்று கிளீவ்லாந்தில் ஒபாமாவுக்கும் ஹிலாரிக்கும் தொலைக்காட்சி விவாதம். நெறியாளர் டிம் ரஸர்ட், லூயிஸ் ஃபராகானின் ஆதரவைப் பற்றி ஒபாமாவிடம் விடாப்பிடியாகக் கேட்கிறார். ஃபராகான் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பின் தலைவர், யூதர்களுக்கு எதிராகப் பேசிப் பேர்போனவர். ஒபாமா அந்த ஆதரவைக் கேட்கவில்லை, அந்தப் பேச்சுகளைக் கண்டித்திருக்கிறேன் என்றும் சொல்கிறார். கண்டித்தால் போதாது, ஆதரவையே நிராகரிக்க வேண்டும் என்று ஹிலாரி குறுக்கிட, சரி, நிராகரிக்கவும் செய்கிறேன், கண்டிக்கவும் செய்கிறேன் என்று முடித்தார்.

மறுநாள், பிப்ரவரி 27. டெக்சாஸ் சான் அன்டோனியோவில் கார்னர்ஸ்டோன் சபையின் போதகர் ஜான் ஹேகி, ஜான் மெக்கெய்னுக்கு ஆதரவு அறிவிக்கிறார். மெக்கெய்ன் பக்கத்தில் நின்று பெருமையோடு ஏற்றுக்கொள்கிறார். இந்த ஹேகி யார்? கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை அழித்தது அங்கே நடக்கவிருந்த ஓரினச் சேர்க்கையாளர் பேரணிக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று 2006இல் வானொலியில் சொன்னவர். கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றி அவர் பேசியவற்றுக்குக் கத்தோலிக்க அமைப்புகள் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தன.

கேட்காமல் வந்த ஆதரவுக்காக ஒருவர் நேரலையில் குறுக்கு விசாரணை செய்யப்பட்டார், கேட்டு வாங்கிய ஆதரவுக்கு அடுத்த நாள் இன்னொருவர் புகைப்படத்துக்கு நின்றார். கத்தோலிக்கர்கள் எதிர்ப்பு, சில பத்திரிகைக் கட்டுரைகள் என்று கொஞ்சம் சலசலப்பு இருந்தது, ஆனால் ரைட்டுக்கு ஓடியதுபோல நாள்முழுக்க எதுவும் ஓடவில்லை. ஹிட்லரைக் கடவுள் அனுப்பிய வேட்டைக்காரன் என்று, யூதர்களை இஸ்ரேலுக்குத் துரத்தவே அவன் வந்தான் என்ற பொருளில், ஹேகி பேசிய பழைய ஒலிப்பதிவு மே மாதம் வெளியான பிறகுதான், மே 22 அன்று மெக்கெய்ன் அந்த ஆதரவை நிராகரித்தார். அதற்குள் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடிவிட்டது. அதே நாளில் ஒஹாயோ போதகர் ராட் பார்ஸ்லியின் ஆதரவையும் கைவிட்டார். இஸ்லாம் என்ற பொய் மதத்தை அழிக்கும் நோக்கமும் அமெரிக்கா உருவானதில் இருந்தது என்று எழுதியவர் பார்ஸ்லி, அவரை மெக்கெய்ன் தேர்தல் மேடையில் ஆன்மிக வழிகாட்டி என்று புகழ்ந்திருந்தார்.

ஆனால் ஹேகி மெக்கெய்னின் சொந்த போதகர் இல்லையே? ரைட் அப்படி இல்லையே?

இது நல்ல வாதம். அந்த வித்தியாசம் நிஜம். இருபது வருட உறவும் ஒருநாள் மேடையும் ஒன்றல்ல, அதனால் ரைட்டைப் பற்றிக் கூடுதலாக எழுதியதில் ஒரு பங்கு நியாயம் உண்டு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொந்த போதகரை ஒருவர் இளவயதில், மனசுக்காக, குடும்பத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார். ஆதரவு கேட்டுப் போகிறவர் ஓட்டுக்காகவே போகிறார், அந்த ஆள் என்ன பேசுகிறவர் என்று தெரிந்தே போகிறார், ஜெயித்தால் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியிருக்கும். ஹேகி 2006இல் இஸ்ரேல் ஆதரவுக் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு பெரிய தேசிய அமைப்பையே தொடங்கியவர், வெளியுறவுக் கொள்கையில் அவருக்கு நேரடி அக்கறை உண்டு. வருங்கால அதிபரின் முடிவுகளை எது அதிகம் பாதிக்கும்? எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கவலை தருகிறது. குறைந்தபட்சம் இரண்டையும் சமமாகத் தோண்டியிருக்க வேண்டும்.

சாரா பேலின்?

மெக்கெய்னின் துணை அதிபர் வேட்பாளர். கென்யாவைச் சேர்ந்த தாமஸ் முத்தீ என்ற போதகர் அலாஸ்காவில் அவருடைய பழைய சபையில், அவரைச் சூனியத்திலிருந்து காக்கும்படி ஜெபித்த வீடியோ 2008 செப்டம்பரில் வெளியானது. அதைக் கேலிப்பொருளாக்கியதும் தப்புதான் என்பேன். பெந்தெகோஸ்தே சபைகளில் அப்படி ஜெபிப்பது சாதாரணம், சென்னையில் எத்தனையோ சபைகளில் ஞாயிறுதோறும் கேட்கலாம். முத்தீ தன் ஊரில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று விரட்டியதாகச் சொல்லப்பட்ட கதைதான் விசாரித்திருக்க வேண்டியது. பழக்கமில்லாத வழிபாட்டைப் பார்த்தால் சிரிப்பது இரண்டு பக்கத்து ஊடகத்துக்கும் உள்ள வியாதி.

இதெல்லாம் திட்டம் போட்டு நடக்கிறதா?

கொஞ்சம் திட்டம், நிறைய சோம்பல். கிளிப்பை வெட்டிக் கொடுப்பது பெரும்பாலும் எதிர்க்கட்சியின் ஆட்கள்தான், சேனலுக்கு அது செலவில்லாமல் கிடைக்கிற சரக்கு. முழுப் பிரசங்கத்தையும் உட்கார்ந்து கேட்க ஒரு நிருபருக்கு அரை நாள் ஆகும், அதற்குள் போட்டிச் சேனல் போட்டுவிடும். கத்துகிற குரு திரையில் நன்றாக எடுபடுவார், அமைதியாக உட்கார்ந்து நன்கொடைக் கணக்கும் நிலக் கணக்கும் பார்க்கிற குரு எடுபடமாட்டார். ஆனால் அரசியலில் ஆபத்தானவர் பல நேரம் அந்த இரண்டாவது ஆள்.

இதில் இன்னொரு கொடுமை. கிறிஸ்தவ போதகருக்காக ஒபாமாவைக் கிழித்துக்கொண்டிருந்த அதே 2008 மார்ச்சில், பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில் 10 சதவீதம் பேர் அவரை முஸ்லிம் என்று நம்பினார்கள். இரவும் பகலும் செய்தி பார்த்தும் அடிப்படைத் தகவல் கூடப் போய்ச் சேரவில்லை.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டுச் சேனல்களில் இந்தச் சாய்வு எப்படி இருக்கிறது?

இங்கே முதலில் முதலாளி யார் என்று பார்க்க வேண்டும். சன், கலைஞர், ஜெயா, மக்கள், கேப்டன் என்று கட்சிகளோடும் கட்சிக் குடும்பங்களோடும் சேர்ந்து வளர்ந்த சேனல்கள் நம்முடையவை. எது யாருடையது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதனால் அமெரிக்காவைப் போல 'நடுநிலை' என்ற போர்வை கொஞ்சம் குறைவு. சாய்வு இங்கே பெரும்பாலும் மௌனமாக வரும். தன் கட்சிக்காரர் போய்ப் பார்த்த மடாதிபதி 'அருளாசி வழங்கினார்', எதிர்க்கட்சிக்காரர் போய்ப் பார்த்தவர் 'சர்ச்சைச் சாமியார்'. ஆள் ஒருவராகவே கூட இருக்கலாம்.

பழைய மதுரை ஆதீனம் அருணகிரிநாதர் அதிமுகவுக்காகப் பிரசாரமே செய்தார். இந்திய சுவிசேஷத் திருச்சபைப் பேராயர் எஸ்ரா சற்குணம் திமுகவுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தார் என்பது ஊரறிந்தது. இருவரைப் பற்றியும் சேனல்கள் பேசியதைக் கட்சிவாரியாகப் பிரித்துவைத்துப் பார்த்தால் போதும், நான் சொல்வது விளங்கும்.

சென்னைக்காரர்கள் பலருக்கு 2007 ஜனவரி ஞாபகம் இருக்கும். புட்டபர்த்தி சாய்பாபா கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டுக்கே வந்தார். கண்டலேறு, பூண்டி கால்வாயைச் சாய்பாபாவின் அறக்கட்டளை தன் செலவில் சீரமைத்துக் கொடுத்திருந்தது, சென்னைக்குக் கிருஷ்ணா நீர் ஒழுங்காக வர அது உதவியது, அதற்கு நன்றி சொல்லி விழாவும் நடந்தது. நாத்திகர் எப்படிச் சாமியாரோடு மேடையேறலாம் என்பதுதான் அப்போது பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. வீட்டில் யார் காலில் விழுந்தார்கள், யாருக்கு மோதிரம் கிடைத்தது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1993இல் புட்டபர்த்தி ஆசிரமத்துக்குள் ஆறு பேர் செத்த சம்பவம் என்ன ஆனது? ஒரு மாநகரின் குடிநீருக்கு அரசு ஒரு தனியார் ஆன்மிக அறக்கட்டளையை நம்ப வேண்டிய நிலை ஏன் வந்தது? இந்த இரண்டு கேள்விகளையும் அதே வேகத்தில் யாரும் துரத்தவில்லை. தண்ணீர் வந்ததற்கு நானும் நன்றியோடுதான் இருக்கிறேன். நன்றி வேறு, கேள்வி வேறு.

ராகுல் காந்தி, ஜார்ஜ் பொன்னையா வீடியோவை எப்படிப் பார்க்க வேண்டும்?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் பொன்னையா. 2021 ஜூலையில் அருமனையில் நடந்த கூட்டத்தில் பிரதமரையும் அமித் ஷாவையும், இந்துக்களின் உணர்வையும் புண்படுத்தும்படி பேசிக் கைதானவர். 2022 செப்டம்பரில் பாரத் ஜோடோ யாத்திரை அந்த மாவட்டத்தைக் கடந்தபோது ராகுல் காந்தி பாதிரியார்கள் சிலரைச் சந்தித்தார், அதில் இவரும் இருந்தார். இயேசு கடவுளின் ஒரு வடிவமா என்ற தொனியில் ராகுல் கேட்க, அவர்தான் உண்மையான கடவுள், மனிதராக வந்தவர், சக்தியைப் போல அல்ல என்கிற பொருளில் பொன்னையா பதில் சொன்னார். அந்தத் துண்டை பாஜகவினர் பகிர, நாடு முழுக்கச் சேனல்களில் விவாதம்.

என் கருத்து இது. வெறுப்புப் பேச்சுக்குக் கைதானவரை ஏன் சந்தித்தீர்கள் என்று ராகுலிடம் கேட்பது முழுக்க நியாயம். காங்கிரஸ் அதற்கு நேராகப் பதில் சொல்லியிருக்க வேண்டும், வீடியோவைத் திரித்துவிட்டார்கள் என்பதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. ஆனால் பாதிரியார் சொன்ன பதிலை ராகுலின் கருத்தைப் போல ஓட்டியது அநியாயம். ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரிடம் இயேசு யார் என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? சக்தியைப் பற்றிய வார்த்தை புண்படுத்தியதா, ஆமாம். அது அவருடைய பொறுப்பு. கேள்வி கேட்டவரின் தலையில் அதைக் கட்டினால் நாளைக்கு யாரும் யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

காஞ்சி சங்கராச்சாரியார் வழக்கை இதில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், வேறொரு காரணத்துக்காக. 2004 செப்டம்பரில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அதன் மேலாளர் சங்கரராமன் கொல்லப்பட்டார். நவம்பர் 11, தீபாவளி நேரத்தில், அந்தக் கொலை வழக்கில் சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைது. அவரோடு நெருக்கமாகப் பழகிய ஜெயலலிதாவின் அரசே கைது செய்தது. டெல்லியில் பாஜக தலைவர்கள் தர்ணா உட்கார்ந்தார்கள். இங்கே தினமும் போலீஸ் தரப்புக் கசிவுகள் தலைப்புச் செய்தி, எதிர்ப்பக்கம் மடத்தின் பெருமை பேசும் கட்டுரைகள். இரண்டு முகாமும் வழக்கு நடக்குமுன்பே தீர்ப்பு எழுதிவிட்டன. விசாரணை நியாயமாக நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2013 நவம்பர் 27 அன்று குற்றம்சாட்டப்பட்ட 23 பேரும் விடுதலை. கைதுக்குக் கொடுத்த இடத்தை விடுதலைக்கும் கொடுத்தார்களா? இல்லை. அதைவிட, அப்படியானால் சங்கரராமனைக் கொன்றது யார் என்ற கேள்வியை இன்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? சாமியாரின் அரசியல் உறவுகளில் மூழ்கி, செத்தவரை மறந்துவிட்டோம்.

வடக்கே இன்னும் மோசம் என்கிறார்களே?

அங்கே உதாரணம் ஹரியானா சிர்சாவில் உள்ள 'தேரா சச்சா சௌதா' என்ற ஆன்மிக அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம். பல கட்சித் தலைவர்கள் அவருடைய தேரா வாசலில் ஓட்டுக்காக நின்றவர்கள்தான். 2014 ஹரியானா தேர்தலில் தேரா வெளிப்படையாகவே பாஜகவை ஆதரித்தது. 2017 ஆகஸ்டில் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்ற பிறகும், 2022இல் பஞ்சாப் தேர்தலுக்கு முன்பும், 2024இல் ஹரியானா தேர்தலுக்கு முன்பும் அவருக்குச் சிறையிலிருந்து தற்காலிக விடுப்பு கிடைத்தது.

அவர்மீதான புகாரை முதலில் தைரியமாக அச்சிட்டது பெரிய சேனல் எதுவும் இல்லை. சிர்சாவில் 'பூரா சச்' என்று ஒரு சின்னப் பத்திரிகை, அதன் ஆசிரியர் ராம் சந்தர் சத்ரபதி. பாதிக்கப்பட்ட பெண் எழுதிய பெயரில்லாக் கடிதத்தை 2002இல் வெளியிட்டார். அந்த அக்டோபரில் வீட்டு வாசலில் சுடப்பட்டு, நவம்பரில் இறந்தார். 2019இல் சிபிஐ நீதிமன்றம் அந்தக் கொலைக்கு ராம் ரஹீமுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குருவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை எழுதுவது என்றால் இதுதான். ஸ்டூடியோவில் எட்டுப் பெட்டியில் எட்டுப் பேரை உட்கார வைத்துக் கத்தவிடுவதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு உதாரணமும் சொல்லிவிடுகிறேன். 2014 ஏப்ரலில் சோனியா காந்தி டெல்லி ஜாமா மசூதியின் ஷாஹி இமாம் புகாரியைச் சந்தித்தார், சில நாளில் இமாம் காங்கிரசுக்கு ஆதரவு அறிவித்தார். ஓட்டு வங்கி அரசியல் என்று சேனல்கள் சாடின. சாடட்டும். ஆனால் மடங்களுக்கும் ஆசிரமங்களுக்கும் வேட்பாளர்கள் வரிசை கட்டியதை அதே சேனல்கள் 'ஆசி பெற்றார்' என்று காட்டின. பெரும்பான்மை மதகுருவிடம் போனால் பண்பாடு, சிறுபான்மை மதகுருவிடம் போனால் ஓட்டு வங்கி என்பதை ஏற்க முடியாது.

சட்டம் இதைத் தடுக்கவில்லையா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3), மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் ஊழல் நடவடிக்கையே என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4க்கு 3 என்று தீர்ப்பளித்தது. ஆனால் குருவைப் போய்ப் பார்ப்பதும் காலில் விழுவதும் இதற்குள் வராது. அங்கே ஊடகம்தான் கேட்க வேண்டும்.

மதம் தனிப்பட்ட விஷயம். கேட்காமலே விட்டால் என்ன?

1960இல் ஜான் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் போய் நின்று, ஒரு கத்தோலிக்கர் அதிபரானால் போப் சொல்வதைக் கேட்டு ஆளுவாரா என்ற சந்தேகத்துக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார். பொது விஷயங்களில் என் திருச்சபைக்காக நான் பேசவில்லை, அதுவும் எனக்காகப் பேசவில்லை என்றார். கேள்வியில் வெறுப்பு கலந்திருந்தது, பதிலில் அது இல்லை. அதனால் கேட்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊர் வேட்பாளர் பிரசாரத்தின் முதல் நாள் மயிலாப்பூர் கோயில், சாந்தோம் தேவாலயம், ஆயிரம் விளக்கு மசூதி என்று கேமராவோடு சுற்றி வருகிறார். அதைக் காட்டி ஓட்டுக் கேட்கிறவரிடம் அதைப் பற்றிக் கேட்பதில் என்ன தப்பு?

இப்படி ஒரு செய்தி வந்தால் நான் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் முழு வீடியோ எங்கே என்று தேடுங்கள். கிளிப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எந்தத் தேதி? பழைய பேச்சு என்றால் ஏன் இப்போது வெளியாகிறது, யார் கொடுத்தார்கள்? குரு அதைப் பேசியது வேட்பாளர் சந்தித்ததற்கு முன்பா, பின்பா? வேட்பாளர் தேடிப் போனாரா, இவரைத் தேடி வந்தார்களா? பணமோ நிலமோ பதவியோ கைமாறியதா? இது எனக்கு மிக முக்கியம், ஆனால் செய்தியில் இருப்பது அபூர்வம். பிறகு, எனக்குப் பிடித்த வேட்பாளருக்கு இதே நடந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கடைசியாக, அந்த வேட்பாளர் பதவியில் இருந்தபோது அந்த குருவின் கருத்துப்படி ஏதாவது செய்தாரா? செய்யவில்லை என்றால் அந்த உறவின் எடை குறைவு. செய்திருந்தால் எந்த கிளிப்பும் தேவையில்லை, அதுவே பெரிய செய்தி.

தவறாகக் காட்டினால் எங்கே புகார் செய்வது?

தொலைக்காட்சி என்றால் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும், ஒளிபரப்பாகி ஏழு நாளுக்குள். பதில் திருப்தியில்லை என்றால் செய்தி ஒளிபரப்பாளர்கள் அமைப்பின் தர நிர்ணய ஆணையத்துக்குப் போகலாம், அந்தச் சேனல் அதில் உறுப்பினராக இருந்தால் மட்டும். ஒளிபரப்பான தேதியும் நேரமும் கட்டாயம் குறித்துவையுங்கள், முடிந்தால் பதிவும் வைத்திருங்கள். காசு வாங்கிக்கொண்டு போட்ட செய்தி என்று சந்தேகம் வந்தால், தேர்தல் சமயத்தில் மாவட்டம்தோறும் இருக்கும் ஊடகக் கண்காணிப்புக் குழுவிடம் சொல்லலாம், சென்னைக்கும் தனிக் குழு உண்டு. நாளிதழோ வார இதழோ என்றால் ஆசிரியருக்கு எழுதிவிட்டு, செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், மாத இதழ் போன்றவற்றுக்கு நான்கு மாதம் வரை. கவுன்சிலுக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அந்த விவரத்தை அந்தப் பத்திரிகையிலேயே வெளியிடச் சொல்லலாம்.